கடையில் ஒரு கணக்கு, ஒன்லைனில் ஒரு கணக்கு: பி.ஓ.எஸ் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

காத்தான்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரை இப்போது பல கடைகளில் இரண்டு வியாபாரம் ஒன்றாக நடக்கிறது. முன்னால் பி.ஓ.எஸ்ஸில், அதாவது பில் போட்டு ஸ்டொக்கையும் கணக்கு வைக்கும் கொம்பியூட்டர் முறையில், பில் அடிக்கிறார்கள். அதே சாமானை வெப்சைட்டிலும் போட்டுக் கொழும்புக்கும் கண்டிக்கும் கொரியர் அனுப்புகிறார்கள். இரண்டுக்கும் சாமான் போவது ஒரே றாக்கையிலிருந்துதான். தகராறும் அங்கேதான் தொடங்குகிறது.

இங்கே நான் சொல்பவை பெரும்பாலும் வூகொமர்ஸ் (வேர்ட்பிரஸ்ஸில் செய்த வெப்சைட்டைக் கடையாக்கும் மென்பொருள்) வெப்சைட்டையும் கடை பி.ஓ.எஸ்ஸையும் ஓர் இணைப்பு மென்பொருள் வழியாகச் சேர்த்திருப்பவர்களுக்கு. ஷொப்பிஃபை என்ற வேறு ஒன்லைன் கடைச் சேவையை வைத்திருப்பவர்களுக்கு வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும், முதலில் ஸ்டொக் எண்ணைக் கையால் திருத்துவதை நிறுத்துங்கள். திருத்தினால் அன்றைக்குச் சரியாகத் தெரியும். ஆனால் எங்கே பிழைத்தது என்ற தடயம் போய்விடும். அதற்குப் பதிலாக ஒரே ஒரு சாமானை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு ஒரு மருதமுனைச் சாரம், நீல நிறம். அதன் எண்ணிக்கையை இரண்டு பக்கமும் பார்த்துக் குறித்து வையுங்கள். பி.ஓ.எஸ்ஸில் ஒன்றை விற்றுப் பில் போடுங்கள். ஒன்லைனில் எத்தனை நிமிடத்தில் குறைகிறது, குறைகிறதா என்று பாருங்கள். அப்புறம் உங்கள் போனிலிருந்து அதே சாரத்துக்கு ஓர் ஓடர் போட்டு, பி.ஓ.எஸ்ஸில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கடையிலிருந்து வெப்சைட்டுக்குப் போகும் வழியும், வெப்சைட்டிலிருந்து கடைக்கு வரும் வழியும் வேறு வேறு. எது அடைத்திருக்கிறது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. சோதனை முடிந்ததும் அந்தப் பில்லையும் ஓடரையும் ரத்துச் செய்ய மறக்காதீர்கள்.

கடையில் விற்று முடிந்த சாமான் ஒன்லைனில் இன்னும் இருக்கிறது

எல்லாச் சாமானிலும் இப்படியா, சிலதில் மட்டுமா? அதைப் பார்க்காமல் வேறு எதையும் தொடாதீர்கள்.

சிலதில் மட்டும் என்றால், இணைப்பு வேலை செய்கிறது, சாமானின் எஸ்.கே.யூ., அதாவது அதன் தனி அடையாளக் குறியீடுதான் பொருந்தவில்லை. இரண்டு பக்கத்தையும் கட்டிப்போடும் கயிறு அந்தக் குறியீடு ஒன்றுதான். ஒரு பக்கம் குறியீட்டின் கடைசியில் ஓர் இடைவெளி விழுந்திருக்கும், அது கண்ணுக்குத் தெரியாது. இல்லாவிட்டால் பூச்சியம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில ஓ எழுத்து இருக்கும். குறியீட்டை அழித்துவிட்டு, மற்றப் பக்கத்திலிருந்து பிரதி எடுத்து ஒட்டுங்கள். பார்த்துப் பார்த்துத் தட்டச்சுச் செய்தால் அதே பிழை திரும்ப வரும்.

துணிக்கடைகளில் இதைவிட அதிகம் நடப்பது அளவு, நிறப் பிரச்சினை. ஒரே சாரிக்கு ஐந்து நிறம் என்றால் வெப்சைட்டில் ஒரு தாய்ப் பதிவும் அதன் கீழே ஐந்து பிரிவுகளும் இருக்கும். எஸ்.கே.யூ.வைத் தாய்ப் பதிவில் மட்டும் போட்டுவிட்டு, பிரிவுகளை வெறுமையாக விட்டிருப்பார்கள். பி.ஓ.எஸ் ‘சிவப்பில் ஒன்று போய்விட்டது’ என்று அனுப்பும். அதை வாங்கிக்கொள்ள அங்கே சிவப்பு என்ற பெயரில் யாரும் இல்லை. ஒவ்வொரு பிரிவையும் திறந்து தனி எஸ்.கே.யூ. கொடுங்கள், ‘மனேஜ் ஸ்டொக்’ பெட்டியையும் அங்கேயே சரி போடுங்கள். நூறு சாரி இருந்தால் சலிப்பான வேலைதான், குறுக்கு வழி இல்லை.

எல்லாச் சாமானிலும் இப்படி என்றால் இணைப்பே அறுந்திருக்கிறது. வூகொமர்ஸ் செட்டிங்ஸில் அட்வான்ஸ்ட் என்ற பகுதிக்குள் ரெஸ்ட் ஏ.பி.ஐ. என்று இருக்கும். வெப்சைட்டுக்குள் நுழைய பி.ஓ.எஸ்ஸுக்குக் கொடுத்த சாவி, அதாவது இரகசியக் குறியீடு, அங்கேதான். அந்தச் சாவி கடைசியாக எப்போது பயன்பட்டது என்ற நேரமும் பக்கத்திலேயே போட்டிருக்கும். அது மூன்று நாளுக்கு முந்தைய நேரம் என்றால், மூன்று நாளுக்கு முன் என்ன மாறியது என்று யோசியுங்கள். அடிக்கடி கிடைக்கும் பதில்: ஒரு பையன் வேலையை விட்டுப் போனான், முதலாளி அவனுடைய கணக்கை அழித்தார். சாவி அந்தக் கணக்கின் பெயரில் எடுக்கப்பட்டிருந்தது. கணக்கோடு சாவியும் போய்விட்டது. முதலாளி கணக்கிலிருந்தே புதுச் சாவி எடுத்து, அனுமதியை ‘வாசிக்க மட்டும்’ என்று விடாமல் ‘வாசிக்க, எழுத’ என்று வையுங்கள்.

பி.ஓ.எஸ்ஸின் பிழைப் பதிவில் ஓர் எண் வந்தால் அதையும் கவனியுங்கள். 401 பெரும்பாலும் சாவிப் பிரச்சினை. 403 என்றால் வெப்சைட்டின் பாதுகாப்பு பிளகினோ (வெப்சைட்டில் சேர்க்கும் துணை மென்பொருள்), வெப்சைட்டை வைத்திருக்கும் ஹொஸ்டிங் நிறுவனமோ பி.ஓ.எஸ்ஸை அந்நியன் என்று நினைத்துத் தடுக்கிறது. 404 என்றால் வேர்ட்பிரஸ்ஸின் பெர்மாலிங்க் அமைப்பை, அதாவது பக்க முகவரிகள் அமையும் முறையை, பாருங்கள். அது ‘பிளெயின்’ என்று இருந்தால் வேறொன்றுக்கு மாற்றிச் சேமியுங்கள்.

இன்னொரு வகை உண்டு. நிர்வாகப் பக்கத்தில் ஸ்டொக் பூச்சியம் என்று சரியாக இருக்கிறது, வாடிக்கையாளருக்கு மட்டும் ‘இருக்கிறது’ என்று தெரிகிறது. அது கேஷ். பக்கத்தின் பழைய பிரதியை பிளகின் காட்டிக்கொண்டிருக்கிறது. கேஷைத் துடைத்துவிட்டு, ஸ்டொக் மாறும்போது அந்தச் சாமானின் பக்கம் தானாகத் துடைபடும்படி அமையுங்கள். ஷொப்பிஃபையில் பூச்சியமான சாமானும் விற்றுக்கொண்டே இருந்தால், அந்தச் சாமானில் ‘ஸ்டொக் முடிந்தாலும் தொடர்ந்து விற்க’ என்ற பெட்டி சரி போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டொக்கைத் திருத்தினாலும் பழைய எண்ணுக்கே திரும்புகிறது, சிலநேரம் தானாகக் கூடுகிறது

முதலாளிமாருக்கு அதிகம் தலையிடி கொடுப்பது இதுதான். ஏதோ வைரஸ் என்று நினைப்பார்கள். வைரஸ் இல்லை. இரண்டு பக்கமும் தானே பெரியவன் என்று நினைக்கிறது.

நீலச் சாரம் பத்து இருக்கிறது என்று வையுங்கள். மாரி காலம், லைன் அறுந்துவிட்டது. பி.ஓ.எஸ் இன்டர்நெட் இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கிறது. கடையில் மூன்று விற்கிறீர்கள். பி.ஓ.எஸ் கணக்கில் ஏழு. அதே நேரம் குருநாகலிலிருந்து ஒருவர் ஒன்லைனில் இரண்டு வாங்குகிறார். வெப்சைட் கணக்கில் எட்டு. றாக்கையில் உண்மையாக விற்க மிச்சம் இருப்பது ஐந்து. லைன் திரும்பி வந்ததும் பி.ஓ.எஸ் ‘ஏழு’ என்று அனுப்புகிறது, வெப்சைட் தன் எட்டை அழித்துவிட்டு ஏழு என்று எழுதிக்கொள்கிறது. குருநாகல்காரர் வாங்கிய இரண்டும் கணக்கிலேயே இல்லை. இருவர் ஒரே கொப்பியில் கணக்கு எழுதும்போது, ஒருவர் ‘மூன்று கழி’ என்று எழுதாமல் முழுப் பக்கத்தையும் கிழித்துவிட்டுப் புதிதாக ‘ஏழு’ என்று எழுதுவது போன்றது இது.

உங்கள் இணைப்பு மென்பொருள் மொத்த எண்ணை அனுப்புகிறதா, கூடியது குறைந்ததை மட்டும் அனுப்புகிறதா என்று அமைப்பில் பாருங்கள். இரண்டாவது வழி இருந்தால் அதையே தெரிவு செய்யுங்கள்; அதில் பி.ஓ.எஸ் ‘மூன்று குறைந்தது’ என்று சொல்லும், எட்டில் மூன்று போக ஐந்து என்று சரியாக வரும். அந்த வசதி இல்லாவிட்டால் ஒரு பக்கத்தைக் கணக்குப்பிள்ளையாக வைத்தே ஆக வேண்டும். என் அபிப்பிராயம், கடை வியாபாரம் பெரிதாக உள்ளவர்களுக்கு அது பி.ஓ.எஸ்ஸாக இருக்கட்டும். புதுச் சாமான் வந்தாலும், சேதமாகிக் கழித்தாலும், எண்ணிப் பார்த்துத் திருத்தினாலும் அங்கே மட்டும்தான். வெப்சைட்டில் ஸ்டொக் பெட்டியில் யாரும் கை வைக்கக்கூடாது. வெப்சைட் வேலை பார்க்கிற தங்கச்சிக்கு அந்த அனுமதியையே கொடுக்காமல் விடுவது இன்னும் நல்லது.

அதோடு, வேகமாகப் போகும் சாமானில் கடைசி ஒன்றிரண்டை ஒன்லைனில் காட்டாமல் வையுங்கள். லைன் போகிற ஊரில் கடைசிச் சாரத்தை இரண்டு பேருக்கு விற்றுவிட்டு ஒருவரிடம் மன்னிப்புக் கேட்பதைவிட இது மேல்.

யூ.பி.எஸ் வைத்திருக்கிறோமே என்பவர்கள் ஒரு தரம் மேசைக்குக் கீழே குனிந்து பாருங்கள். கொம்பியூட்டர் யூ.பி.எஸ்ஸில் இருக்கும், ரவுட்டர் சுவரில் உள்ள பிளக்கில் இருக்கும். கரண்ட் போனதும் பில் அடிக்கலாம், ஆனால் ஒரு பில்லும் வெளியே போகாது.

எண் பிழையாக மாறிக்கொண்டே போவதற்கு இன்னொரு காரணம், பழைய இணைப்பு பிளகினை அகற்றாமல் புதியதையும் போட்டிருப்பது. இரண்டும் ஒரே ஓடரைக் கையாளும். ஒன்றை நிறுத்துங்கள்.

ஒன்லைன் ஓடர் பி.ஓ.எஸ்ஸுக்கு வரவில்லை

வெப்சைட்டிலிருந்து கடைக்குச் செய்தி கொண்டுவருவது பெரும்பாலும் வெப்ஹூக். வூகொமர்ஸ் ஒரு செய்தியை அனுப்பி, மற்றப் பக்கம் ஒழுங்காகப் பதில் சொல்லாமல் தொடர்ந்து ஐந்து தடவை தோல்வி கண்டால், அந்த வெப்ஹூக்கைத் தானாகவே நிறுத்திவிடும். பி.ஓ.எஸ் பக்கம் ஓர் இரவு கோளாறாக இருந்தாலே போதும். காலையில் எல்லாம் சரியாகியிருக்கும், ஆனால் வெப்ஹூக் நின்றபடியே கிடக்கும். அட்வான்ஸ்ட் பகுதியில் வெப்ஹூக்ஸ் என்பதைத் திறந்து, ‘டிஸேபிள்ட்’ என்றிருந்தால் ‘அக்டிவ்’ என்று மாற்றிச் சேமியுங்கள். இடையில் தவறிய ஓடர்கள் தானாக வராது. அவற்றைக் கையால் இழுத்துக்கொள்ள வேண்டும்.

சில ஓடர்கள் வருகின்றன, சில வரவில்லை என்றால் ஓடரின் நிலையைப் பாருங்கள். சாமான் கைக்கு வந்ததும் காசு தரும் ஓடர் வூகொமர்ஸில் ‘புரொசெஸிங்’ என்று விழும். வங்கியில் போடும் ஓடர் ‘ஒன் ஹோல்ட்’ என்று நிற்கும். இணைப்பில் ‘கொம்ப்ளீட்டட்’ ஓடரை மட்டும் எடு என்று வைத்திருந்தால், சாமான் அனுப்பி முடித்த பிறகுதான் பி.ஓ.எஸ்ஸுக்கே தகவல் வரும். அதற்குள் அதைக் கடையில் விற்றிருப்பீர்கள்.

ஓடர் வருகிறது, ஆனால் மணிக்கணக்கில் தாமதம் என்றால், வேர்ட்பிரஸ்ஸின் நேரக் கடிகாரத்தைச் சந்தேகியுங்கள். வெப்சைட்டுக்கு யாராவது வந்தால்தான் அது ஓடும். ஆட்கள் குறைவாக வரும் வெப்சைட்டில் வேலைகள் வரிசையில் தூங்கும். வூகொமர்ஸ் ஸ்டேட்டஸில் ஷெடியூல்ட் ஆக்‌ஷன்ஸ் பகுதியில் அந்த வரிசையைப் பார்க்கலாம். ஹொஸ்டிங் பக்கத்தில் உண்மையான கிரோன் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளை) ஒன்றை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி போடச் சொல்லுங்கள்.

ஷொப்பிஃபையில் சாமானே பி.ஓ.எஸ் திரையில் தெரியாவிட்டால், அந்தச் சாமானை ‘பொயிண்ட் ஒஃப் சேல்’ விற்பனைத் தடத்தில் சேர்க்கவில்லை என்று அர்த்தம். தெரிகிறது, ஸ்டொக் மட்டும் பூச்சியம் என்றால் எண்ணிக்கையை வேறோர் இடத்தின் பெயரில் ஏற்றியிருக்கிறீர்கள். கல்முனைக் கிளைக்கு வந்த சாமானை மட்டக்களப்பு என்று பதிந்தால் கல்முனையில் பூச்சியம்தான் காட்டும்.

‘நானா, காசு கட்டிட்டன், ஓடர் இன்னும் வரல்லியே’

வாடிக்கையாளர் கார்டில் கட்டியிருப்பார், வங்கிக் குறுஞ்செய்தியும் வந்திருக்கும், உங்களிடம் ஓடர் ‘பென்டிங்’ என்று நிற்கும். பேஹியர் மாதிரியான பண நுழைவாயில்கள் கட்டணம் முடிந்ததும் வெப்சைட்டின் ஒரு முகவரிக்குத் தகவல் அனுப்பும். அந்தத் தகவல் உள்ளே வர முடியவில்லை. பராமரிப்புப் பக்கம் போட்டிருந்தீர்களா, பாதுகாப்பு பிளகின் புதிதாகப் போட்டீர்களா, வெப்சைட்டின் முகவரியை மாற்றினீர்களா என்று பாருங்கள்.

இதை நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். பணம் கட்டாத ஓடரை வூகொமர்ஸ் வழக்கமாக 60 நிமிடத்தில் ரத்துச் செய்து சாமானை விடுவிக்கும். காசு கட்டியவரின் சாரியை வேறொருவர் வாங்கிவிடுவார். நுழைவாயிலின் கணக்குப் பக்கத்தில் அந்தக் கட்டணம் விழுந்திருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஓடரைக் கையால் ‘புரொசெஸிங்’ ஆக்குங்கள். வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷொட்டை மட்டும் நம்பி மாற்ற வேண்டாம்.

தமிழ்ப் பெயர்கள் குழம்பிப்போய் வருகின்றன

எப்படிக் குழம்புகிறது என்பதிலேயே காரணம் இருக்கிறது.

கேள்விக்குறிகளாக வந்தால், சாமான் பட்டியலை ஏற்றும் சி.எஸ்.வி. கோப்பைச் சாதாரணமாகச் சேமித்திருக்கிறீர்கள். எக்செல்லில் சேமிக்கும்போது யூ.டி.எஃப்-8 சி.எஸ்.வி. என்ற வகையைத் தெரிவு செய்ய வேண்டும். கேள்விக்குறியாக மாறிய கோப்பிலிருந்து தமிழைத் திரும்ப எடுக்க முடியாது. மூலக் கோப்பிலிருந்து மறுபடி சேமியுங்கள்.

ஆங்கில எழுத்துகளும் நடுநடுவே அரைப்புள்ளியுமாக வந்தால் அது பாமினி. பழைய பில் மென்பொருளில் பாமினி எழுத்துருவில் அடித்த பெயர்கள் அந்த எழுத்துரு உள்ள கொம்பியூட்டரில் மட்டும்தான் தமிழாகத் தெரியும். வெப்சைட்டில் போட்டதும் வேஷம் கலைந்துவிடும். பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிவிட்டு ஒரு தரம் வாசித்துப் பாருங்கள். பெயரோடு ஒட்டியிருந்த ஆங்கில அளவுக் குறிகளும் சேர்ந்து தமிழாக மாறி வேடிக்கையாக நிற்கும்.

வெப்சைட்டில் சரி, பில்லில் மட்டும் பிழை என்றால் பிரிண்டரைப் பாருங்கள். பில் பிரிண்டர்கள் பெரும்பாலானவற்றின் உள்ளே தமிழ் எழுத்தே இல்லை. பி.ஓ.எஸ் அமைப்பில் எழுத்தாக அனுப்புவதை விட்டுப் படமாக அச்சிடும் வழியைத் தெரிவு செய்யுங்கள். கொஞ்சம் மெதுவாக வரும். ஓரம் வெட்டுப்பட்டால், 80 மில்லிமீட்டர் அளவை வைத்துக்கொண்டு 58 மில்லிமீட்டர் தாளில் அச்சிடுகிறீர்கள்.

பார்கோட் அடித்தால் சாமான் வரவில்லை

இலங்கையில் பதிந்த பார்கோட்கள் 479 என்று தொடங்கும், மொத்தம் 13 இலக்கம். எக்செல் அதை எண் என்று நினைத்து 4.79 என்று சுருக்கி, பின்னால் ஓர் ஆங்கில எழுத்தும் +12 உம் போட்டுக் காட்டும். அப்படியே சி.எஸ்.வி.யாகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் போயேபோய்விடும். பார்கோட் நிரலை முதலிலேயே எழுத்து வகையாக மாற்றிவிட்டு வேலை தொடங்குங்கள்.

நீங்களே அச்சிட்ட, ஆங்கில எழுத்துள்ள பார்கோட்கள் சிலநேரம் வேலை செய்கின்றன, சிலநேரம் இல்லை என்றால், அடித்ததும் தேடல் பெட்டியில் என்ன விழுகிறது என்று பாருங்கள். தமிழ் எழுத்து விழுந்தால் விடை கிடைத்துவிட்டது. ஸ்கேனர் தன்னை ஒரு கீபோர்ட் என்றுதான் கொம்பியூட்டருக்குச் சொல்கிறது. காசாளர் தம்பி ஒரு பெயரைத் தமிழில் அடித்துவிட்டு மொழியை மாற்றாமல் விட்டிருந்தால், ஸ்கேனரும் தமிழில் அடிக்கும்.

ஒன்லைனில் விலை கூடுதலாகக் காட்டுகிறது

வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். வித்தியாசத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். சரியாக 18 வீதம் என்றால் வரி இரண்டு தரம் விழுகிறது. சீட்டில் வரியோடு 1,180 ரூபாய் என்று இருப்பதை வெப்சைட் வரி சேராத விலை என்று நினைத்து 1,392.40 ஆக்கிவிடும். வூகொமர்ஸ் வரி அமைப்பில், வரி சேர்த்த விலையைத்தான் கொடுக்கிறேன் என்பதைத் தெரிவு செய்யுங்கள். வற் பதிவு இல்லாத கடை என்றால் இரண்டு பக்கமும் வரியை நிறுத்திவிடுங்கள், அவ்வளவுதான்.

நாள் முடிவில் கணக்கு இடிக்கிறது

பெருநாளுக்கு முந்தின இரவுகளில் இது நன்றாகத் தெரியும். வெப்சைட்டின் நேரம் கொழும்பு என்று வைக்கப்படாமல் யூ.டி.சி.யில் (உலகப் பொது நேரம்) இருந்தால், அதன் நாள் நமக்குக் காலை 5.30க்குத்தான் மாறும். நள்ளிரவுக்குப் பிறகு வந்த ஓடர்கள் முந்தின நாளில் விழும், பி.ஓ.எஸ்ஸில் மறுநாளில் விழும். வேர்ட்பிரஸ் ஜெனரல் செட்டிங்ஸில் நேர வலயத்தைக் கொழும்பு என்று மாற்றுங்கள்.

மற்றக் காரணங்கள் கணினிக் கோளாறே அல்ல. கொரியரில் போன, இன்னும் காசு வராத ஓடரை விற்ற கணக்கில் சேர்த்திருப்பீர்கள். நுழைவாயில் தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியை வங்கியில் போட்டிருக்கும். கார்ட் மெஷின் பி.ஓ.எஸ்ஸோடு சேராமல் தனியாக இருந்தால், தொகையை அடிக்கும்போது கை தவறியிருக்கும். அதற்கு மெஷினின் செட்டில்மென்ட் துண்டையும் பி.ஓ.எஸ் அறிக்கையையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்க்கத்தான் வேண்டும்.

திருப்பி வந்த சாமான் இரண்டாகக் கூடுகிறது

ஒன்லைனில் வாங்கியதைக் கடையில் கொண்டுவந்து மாற்றினால் காசாளர் பி.ஓ.எஸ்ஸில் திருப்பல் போடுவார், ஸ்டொக் ஒன்று கூடும். பின்னால் வெப்சைட்டில் ஒருவர் அதே ஓடருக்கு ரிஃபண்ட் போடுவார். அங்கே ‘திரும்பிய சாமானை ஸ்டொக்கில் சேர்’ என்ற பெட்டி ஏற்கெனவே சரி போட்டிருக்கும். இன்னொன்று கூடும். ஒன்லைன் ஓடரின் திருப்பல் எல்லாம் வெப்சைட்டில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், அல்லது அந்தப் பெட்டியை எடுத்துவிடுங்கள். கொரியர் திருப்பி அனுப்பிய பொதிகளில் இதற்கு நேர்மாறு நடக்கும். அவை மூலையில் கிடக்கும், யாரும் ஸ்டொக்கில் சேர்த்திருக்க மாட்டார்கள்.

லாச்சி திறக்கவில்லை

காசு லாச்சியின் வயர் வழக்கமாகப் பிரிண்டரில்தான் குத்தியிருக்கும். பிரிண்டர் அணைந்திருந்தாலோ தாள் முடிந்திருந்தாலோ லாச்சியும் அசையாது. முதலில் தாளை மாற்றுங்கள்.

இவ்வளவும் பார்த்தும் சரிவராமல் சப்போர்ட்டுக்கு அழைப்பதென்றால், ‘சிஸ்டம் வேலை செய்யுதில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு சாமானின் எஸ்.கே.யூ., ஓர் ஓடர் எண், பிழை நடந்த நேரம், இரண்டு பக்கமும் அப்போது காட்டிய எண்ணிக்கை, பிழைப் பதிவின் படம் ஆகியவற்றை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அழையுங்கள். சாவியையும் கடவுச்சொல்லையும் மட்டும் அதில் போட வேண்டாம்.